ராட்டின டிக்கெட்டை எப்போது வாங்குவது

என் வீட்டுக்காரர் எதையும் காலாகாலத்தில் வாங்கினதாகச் சரித்திரம் கிடையாது. தீபாவளித் துணி எடுக்க, தீபாவளிக்கு முந்தின நாள் விளக்குத்தூண் கடைத்தெரு நெரிசலில் நசுங்கிவிட்டு வருகிற ஆள். குடை வாங்கலாம் என்று அவர் முடிவு செய்வதற்குள் கார்த்திகை மழை ஓய்ந்து போகும். கேட்டால் 'பாப்போம்' என்பார். கல்யாணமான நாள் முதலாக அவர் வாயிலிருந்து நான் அதிகமாகக் கேட்ட வார்த்தை அதுதான். அப்படிப்பட்டவர் கையில் போய்ப் பொருட்காட்சி டிக்கெட் விஷயத்தை விட்டேனே, என்னைச் சொல்லணும்.

மதுரைத் தமுக்கம் மைதானத்தில் வருஷா வருஷம் கோடை விடுமுறைக்குப் போடுகிற பொருட்காட்சிதான். அதில் வருகிற பெரிய ராட்டினத்தின் மேல் என் மகள் தங்கப்பொண்ணுக்கு அப்படி ஒரு பித்து. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை, அப்போது வயது பத்து. அவள் வகுப்பில் எல்லாரும் ஏறிவிட்டார்கள், அவள் மட்டும்தான் பாக்கி. ராட்டினம் உச்சியில் போய்க் கொஞ்ச நேரம் நிற்குமாம். அங்கேயிருந்து பார்த்தால் கோபுரம் நாலும் தெரியுமாம், வைகை தெரியுமாம், எங்கள் கோச்சடைத் தென்னந்தோப்புகூடத் தெரியுமாம். நம்ம வீடு எது என்று நான்தான் அவளுக்குக் கண்டுபிடித்துக் காட்ட வேண்டுமாம். சரிடி, காட்டுகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

எழுபத்தெட்டாம் வருஷம் அதற்கு ஒரு வழி பிறந்தது. இவருக்கு நூல் மில்லில், நூல் சுற்றுகிற வைண்டிங் பிரிவில் வேலை. அந்த வருஷம் மில்லுக்கென்று சலுகை டிக்கெட் கட்டுக் கட்டாக வந்து இறங்கியது. ஒரு குடும்பத்துக்கு மூன்று டிக்கெட், ராட்டினமும் அதிலேயே சேர்த்தி. ஒரே ஒரு நிபந்தனை. என்றைக்குப் போகப் போகிறோம் என்பதை வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். டைம் ஆபீஸ் கிளார்க் பஞ்சாபகேசன், வாங்கின தேதியை ஒரு பக்கமும் போகிற தேதியை மறுபக்கமும் முத்திரை குத்திக் கொடுப்பார். குத்தினால் குத்தினதுதான், பிறகு அந்த ஆண்டவனே வந்து கேட்டாலும் மாற்றமாட்டார்.

என் கண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மில் வாசலில் காலையில் பணியாரம் சுட்டு விற்பேன். அந்தத் தொழிலுக்குக் கண் அவ்வளவாக வேண்டாம். குழியில் மாவு வெந்துவிட்டதா என்பது சத்தத்திலேயே தெரியும், காசைத் தடவினால் தெரியும், ஆளைக் குரலில் தெரியும். அதனால் இரண்டு வருஷமாகப் பார்வை மங்கிக்கொண்டு வந்ததை ஒருத்தரிடமும் மூச்சுவிடாமல் ஓட்டிவிட்டேன். ஒரு நாள் கொடியில் காய்ந்த வேட்டியைப் பார்த்து, யாருய்யா அது வாசலில் நிற்கிறது என்று அதட்டினேன். பக்கத்தில் இருந்த இவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தார். மறுநாளே மில்லுக்கு லீவு போட்டு என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு மட்டும் 'பாப்போம்' சொல்லவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை.

இரண்டு கண்ணிலும் புரை என்றார் டாக்டர். வலது கண் முத்திவிட்டது, ஏப்ரல் ஐந்தாம் தேதி ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். அதற்குப் பிறகு நாற்பது நாள் குனியக்கூடாது, பஸ்ஸில் ஏறிக் குலுங்கக்கூடாது, கடினமாக எதையும் கடிக்கக்கூடாது, அழக்கூடாது, விழுந்து விழுந்து சிரிக்கக்கூடாது. நாற்பது நாள் கழித்துத்தான் கண்ணாடி. அதைப் போட்டால் நன்றாகத் தெரியுமா என்று இவர் கேட்டார். பெரும்பாலும் தெரியும் என்றார் டாக்டர்.

அந்தப் 'பெரும்பாலும்' எனக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. திருவாதவூரில் என் அம்மா ஓச்சாயிக்கும் இதே புரைதான். பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு ஆபரேஷன் செய்தார்கள், நன்றாகத்தான் செய்தார்கள். ஒன்பதாம் நாள் ஆட்டுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது என்று குனிந்து பிடித்தாள். அந்தக் கண் அத்தோடு போயிற்று, புரை விழுந்த மற்றக் கண்ணைத் தொடவே அவள் விடவில்லை. மிச்சம் இருந்த பத்து வருஷமும் என் முகத்தைத் தடவித் தடவித்தான் பார்த்தாள். நான் வந்து உட்கார்ந்தால் முதலில் மூக்கைத் தொடுவாள், பிறகு மூக்குத்தியை.

ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியிலேயே மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். பொருட்காட்சி ஏப்ரல் முதல் தேதி ஆரம்பம். இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஆபரேஷனுக்கு மூன்று நாள் இருக்கிறது. இப்போதைக்குப் புகைமூட்டமாகவாவது தெரிகிறது. பக்கத்தில் உட்கார்ந்தால் பிள்ளையின் பல்வரிசை தெரிகிறது. ராட்டினத்தின் உச்சியில் அவள் சிரிக்கிறதை ஒரு தடவை பார்த்து வைத்துக்கொண்டால், பிறகு என் அம்மா மாதிரி ஆனாலும் போகட்டும், அந்த ஒரு சாயங்காலம் என்னிடம் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் இவரிடம், ரெண்டாம் தேதிக்கு டிக்கெட் வாங்கிவிடுங்கள் என்றேன்.

பாப்போம் என்றார்.

அந்த வாரமே வீட்டில் மஞ்சள்தூள் டப்பா கொட்டிக் கிடந்தது. காலில் மிதிபட்டு அடுப்படியெல்லாம் மஞ்சள். தங்கப்பொண்ணுதான் சொப்பு வைத்து விளையாடக் கொட்டிவிட்டாள் என்று முதுகில் ஒன்று வைத்தேன். நான் இல்லை, நான் இல்லை என்று சத்தியம் பண்ணினாள். இவர் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் மட்டும் அவளுக்குக் கை நிறையத் தேன்மிட்டாய் வாங்கி வந்து கொடுத்தார். பிள்ளையைக் கெடுக்கிறதே நீங்கதான் என்று அதற்கும் சேர்த்து ஏசினேன்.

கோச்சடை அய்யனாருக்கு நான் ஒரு ஜோடி வெள்ளிக் கண்மலர் நேர்ந்துகொண்டிருந்தேன். கண் நல்லபடியானால் வெள்ளியில் கண் செய்து சாத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். இதைக் கேட்டு இவருக்கு ஒரே இளக்காரம். ஆபரேஷன் பண்ணுகிற டாக்டருக்கு ஒரு கும்பிடு, சும்மா உட்கார்ந்திருக்கிற அய்யனாருக்கு வெள்ளியா என்று கேட்டார். இவர் கறுப்புச் சட்டைக்காரர். கழகக் கூட்டம் என்றால் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போவார். எங்கள் கல்யாணத்துக்கே ஐயர் கிடையாது, தாலி கட்டினதே பெரிய விஷயம். கோயிலுக்கு நான் போனால் வெளியே வேப்பமரத்தடியில் நின்று செருப்பைக் காவல் காப்பாரே ஒழிய, ஒரு நாளும் வாசப்படி தாண்டினதில்லை.

மார்ச் மாதக் கடைசிவரை டிக்கெட் வரவில்லை. இது ஆகாது என்று ஒரு நாள் பணியாரக்கூடையை அழகம்மாளிடம் விட்டுவிட்டு நானே டைம் ஆபீஸுக்குப் போனேன். அழகம்மாள் எங்கள் அடுத்த வீடு, மில் வாசலில் எனக்குப் பக்கத்தில் சுண்டல் விற்பவள். பஞ்சாபகேசன் நல்ல மனுஷர். வழக்கமாக என்னைக் கண்டால், என்னம்மா இன்னிக்குப் பணியாரம் கருகிடுத்தா என்று வம்பு இழுப்பவர். அன்றைக்கு எங்கள் பெயரைச் சொல்லி மூன்று டிக்கெட் கேட்டதும் முத்திரைக் கட்டையை எடுத்து மையில் ஒற்றினார், ஒற்றினார், ஒற்றிக்கொண்டே இருந்தார். உங்க வீட்டுக்காரர் பால்பாண்டியே வரட்டும்மா, ரூல் அப்படி என்றார். வேறு பக்கம் திரும்பிக்கொண்டு பேசுகிறார் என்பது குரலிலேயே தெரிந்தது. தீர்ந்துபோய்விட்டால் என்ன செய்வது என்றேன். தீராதும்மா, உங்களுக்குத் தீராது என்றார். இவர்கள் ஆபீஸ் பேச்சை யார் கண்டது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாம் தேதி வந்தது. தெருவே பொருட்காட்சிக்குக் கிளம்பிப் போனது. நாங்கள் மூன்று பேரும் வீட்டில் உட்கார்ந்திருந்தோம்.

ஐந்தாம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போனால், எனக்கு இருமல் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆபரேஷன் செய்த கண்ணோடு இருமினால் தையல் பிய்ந்துவிடுமாம். இருமல் நின்றபிறகு பதினேழாம் தேதி வரச் சொன்னார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கையில் இருக்கிறதே. ஆனால் இவர் முகம் விழுந்துவிட்டதாகத் தங்கப்பொண்ணு சொன்னாள். வருகிற வழியெல்லாம் விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தாராம். வீட்டுக்கு வந்து காலண்டரைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லையாம்.

அந்த இரண்டு ஞாயிறும் போயின. பதினாறாம் தேதி, ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம், எனக்குப் பொறுமை போய்விட்டது. நாக்கில் வந்ததையெல்லாம் கேட்டேன். பிள்ளைக்கு ஒரு டிக்கெட் வாங்கத் துப்பில்லாத மனுஷன் என்றேன், இவரைக் கட்டிக்கொண்டு என்ன சுகத்தைக் கண்டேன் என்றேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். கடைசியில் கேட்டேன்.

"கண்ணு அவிஞ்ச பெறகு கூட்டிட்டுப் போயி என்னத்தக் காட்டப் போறீக?"

அதற்குத்தான் வாயைத் திறந்தார்.

"போனா நீ நல்லாப் பாக்கணும். அரைக்கண்ணோட வந்து அங்கன நிக்க வேணாம்."

அவ்வளவுதான், எழுந்து வெளியே போய்விட்டார். அரைக்கண் என்று சொன்னாரே, அது எனக்குச் சுருக்கென்று பட்டது. குருடிக்கு ராட்டினம் எதற்கு என்று சொல்லாமல் சொல்கிறார் என்று நினைத்தேன். அத்தோடு பேச்சை நிறுத்திவிட்டேன். அவசியமாக ஏதாவது வேண்டும் என்றால் தங்கப்பொண்ணு மூலமாகத்தான்.

ஆபரேஷன் முடிந்து ஐந்து நாள் இரண்டு கண்ணையும் கட்டிப் போட்டிருந்தார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து அசையாமல் படுக்கச் சொன்னார்கள். நான் பேசாவிட்டால் என்ன, இவர் கட்டிலைவிட்டு நகரவில்லை. ரவைக் கஞ்சியை ஆற்றி ஆற்றி ஸ்பூனில் ஊட்டினார். வாய் ஓரத்தில் வழிந்ததைத் தன் துண்டாலேயே துடைத்தார். மூன்றாம் நாள் எனக்குத் தும்மல் வரப் பார்த்தது. மூக்கு சுருங்குவதைப் பார்த்துவிட்டு எங்கிருந்தோ ஓடிவந்து, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் விரலை வைத்து அழுத்தினார். தும்மல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் விரலை வெகுநேரம் எடுக்கவில்லை. அப்போதும் நான் பேசவில்லை. எனக்கு வீம்பு ஜாஸ்தி, எங்க அம்மாவே சொல்லுவாள்.

வீட்டுக்கு வந்தபோது வலது கண்ணில் கட்டு, இடது கண்ணில் பழைய புகைமூட்டம். எல்லாம் கையால் தடவித்தான். மே மாதம் முதல் வாரம் என்று ஞாபகம். இவர் மில்லுக்குப் போயிருந்தார், தங்கப்பொண்ணு தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வழிகிற நீரைத் துடைக்க மெல்லிசான பழைய வேட்டித் துணி தேவைப்பட்டது. பெஞ்சின்மேல் இருந்த இவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, குனியாமல் கையை மட்டும் உள்ளே விட்டுத் துழாவினேன். அடியில், கஞ்சி போட்ட சட்டைக்குக் கீழே, ஒரு சின்ன முடிச்சு தட்டுப்பட்டது.

எடுத்து மோந்தேன், மஞ்சள் வாசம். தடவினேன், உள்ளே ஒரு காசு. நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்போமே, அது. எங்கள் வீட்டில் இதை நான் மட்டும்தானே செய்வேன். நான் வைத்தது சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. இது யாருடையது என்று முடிச்சைத் தடவிப் பார்த்தேன். மேலே மில் நூலைச் சுற்றி, மிளகைவிடச் சின்னதாக ஒரு முடிச்சு. ஆயிரம் பேர் போட்ட முடிச்சுக்குள்ளும் அதை நான் கண்டுபிடிப்பேன். வைண்டிங்கில் நாள் முழுக்க அறுந்த நூலைச் சேர்க்கிற கை போட்டது. பிள்ளையின் பாவாடை நாடாவிலிருந்து என் ரவிக்கைக் கொக்கி வரைக்கும் இந்த வீட்டில் எல்லாம் அந்த முடிச்சுத்தான்.

கறுப்புச் சட்டைக்காரர் மஞ்சள் துணி முடிந்து வைத்திருக்கிறார். அதுவும் கறுப்புச் சட்டைக்கு அடியிலேயே.

இன்னும் ஒன்று இருந்தது. காசோடு ஏதோ மொடமொடவென்றது. துணிக்கு மேலேயே நெருடிப் பார்த்தேன். மடித்த தாள், தடித்த தாள், ஓரமெல்லாம் ஊசி குத்திக் கிழித்த மாதிரி பல் பல்லாக. ஒன்று, இரண்டு, மூன்று.

எனக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள். அட மக்கு மனுஷா, நேர்ந்து முடிகிறது என்றால் காசை மட்டும்தானே முடிவார்கள், டிக்கெட்டை யாராவது முடிவார்களா. ஒரு நாளாவது கோயிலுக்குள் வந்திருந்தால் தெரிந்திருக்கும். எதற்காக நேர்ந்தாரோ அதையும் சேர்த்துக் கட்டினால்தான் சாமிக்கு விளங்கும் என்று நினைத்திருக்கிறார். முடிந்தபிறகு யாரோ சொல்லியிருப்பார்கள், வேண்டுதல் நிறைவேறுகிறவரைக்கும் அவிழ்க்கக் கூடாது என்று. அவ்வளவுதான், டிக்கெட் உள்ளே மாட்டிக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு அழுகையாக மாறியது. அழவும் கூடாது, சிரிக்கவும் கூடாது என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்து, சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். மஞ்சள்தூளுக்காக என் பிள்ளை வாங்கின அடியும் ஞாபகம் வந்தது.

பதினாறாம் தேதி நான் ஏசின ஏச்சுப் பொறுக்காமல் போய் வாங்கியிருப்பார் என்று நினைத்தேன். முடிச்சை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தெரிந்தால் வெட்கத்தில் மனுஷன் ஊரைவிட்டே ஓடிவிடுவார். அன்றைக்குச் சாயங்காலம் அவர் வந்ததும், கை கழுவிட்டு வாங்க, சாப்பாடு போடுறேன் என்றேன். மூன்று வாரத்துக்குப் பிறகு நான் பேசின பேச்சு அது. சரி என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனவர், வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தார்.

மே இருபத்தொன்று ஞாயிற்றுக்கிழமை. பொருட்காட்சிக்கு அதுதான் கடைசி நாள். எனக்கு நாற்பது நாள் முடிய இன்னும் ஆறு நாள் பாக்கி. மத்தியானத்திலிருந்தே இவர் நிலைகொள்ளாமல் இருந்தார். நாலு மணிக்குக் குளித்தார், சலவைச் சட்டை போட்டார், பெட்டியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். தங்கப்பொண்ணு என் மடியில் படுத்துக்கொண்டு, எல்லாரும் போறாங்கம்மா, எல்லாரும் போறாங்க என்று முனகிக்கொண்டிருந்தாள். டிக்கெட்டில் குத்தியிருக்கிற தேதி இன்றைக்குத்தான் என்று எனக்குப் பட்டது. என்னைப் பொருட்காட்சிக்கு அழைத்துப்போக முடியாது. அவர்கள் இரண்டு பேராவது போகலாமே.

"நீங்களும் பிள்ளையும் போயிட்டு வாங்களேன்" என்றேன்.

"டிக்கெட்டு இல்ல" என்றார்.

சன்னமாகத்தான் சொன்னார். எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். அவிழ்த்து எடுத்துக்கொண்டு போங்க, சாமி ஒன்றும் சொல்லாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் எனக்கும் பயம். என் கண்ணுக்காக முடிந்தது அது. இன்னும் ஆறு நாள் இருக்கும்போது அதை அவிழ்த்து, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? பிள்ளையின் ஆசையா, என் கண்ணா என்று வந்தபோது நான் என் கண்ணைத்தான் பிடித்துக்கொண்டேன். தாய் என்று சொல்லிக்கொள்ள அன்றைக்கு எனக்கே கூச்சமாக இருந்தது. அவளுடைய முடியைக் கோதிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இவர் சலவைச் சட்டையோடு வாசப்படியில் உட்கார்ந்திருந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அழகம்மாள் பொருட்காட்சியிலிருந்து பெரிய டெல்லி அப்பளம் ஒன்றை வாங்கி வந்து கொடுத்தாள். பிள்ளை பாதியை ஒடித்து இவரிடம் நீட்டினாள். இவர் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாரே ஒழிய, கடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

ஆறு நாளும் கழிந்தது. ஆஸ்பத்திரியில் சோடாப்புட்டி மாதிரி ஒரு கண்ணாடியை என் மூக்கில் மாட்டிவிட்டு, பாருங்கம்மா என்றார்கள். முதலில் எல்லாம் ஆடியது. பிறகு நின்றது. எதிரே ஒரு வயதான ஆள், காதுக்கு மேலே நரைத்துப்போய், கன்னம் ஒட்டி, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். யார் இது என்று நினைத்தேன். இவர்தான்.

"தலை இம்புட்டு நரைச்சுப் போச்சே" என்றேன்.

தெரியுதா, தெரியுதா என்று கேட்டார். முகத்தைத் துடைக்கத் துண்டைத் தேடினார், அது அவர் தோளிலேயே கிடந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். தங்கப்பொண்ணுக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது, மூக்குக்குக் கீழே ஒரு சின்ன மச்சம் இருக்கிறது. இரண்டு வருஷமாக அந்த மச்சத்தை நான் பார்க்கவில்லை. அது என் அம்மாவுக்கு இருந்த அதே இடம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அய்யனாருக்குக் கண்மலர் சாத்தப் போனோம். இவர் வழக்கம்போல வேப்பமரத்தடியில் செருப்புக்குக் காவலாக நின்றார். நான் பூசாரியிடம் கண்மலரைக் கொடுத்துவிட்டு, என் முடிச்சை அவிழ்த்து உண்டியலில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். இவர் மடியில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. இப்போதுதான் எனக்குக் கண் தெரிகிறதே.

"முடிஞ்ச ஆளுதான் அவுக்கணும். உள்ள வாங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. திருடின மாம்பழத்தோடு பிடிபட்ட பையன் மாதிரி நின்றார். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. கறுப்புச் சட்டைக்காரர் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்தார். செருப்பைக் கழற்றினார், வாசப்படி தாண்டினார். அய்யனாரின் பெரிய குதிரைகளுக்குக் கீழே நின்றுகொண்டு மடியிலிருந்து முடிச்சை எடுத்தார். நூலை அறுக்காமல் நகத்தால் நெம்பி அவிழ்த்தார். காசும் மூன்று டிக்கெட்டும் உள்ளங்கையில் விழுந்தன. டிக்கெட்டெல்லாம் மஞ்சள் ஏறிப் போயிருந்தது.

தங்கப்பொண்ணு டிக்கெட்டைப் பார்த்து வாயைப் பிளந்தாள். பூசாரி குனிந்து பார்த்துவிட்டு, காசு மட்டும்தானேப்பா முடியணும், இதை எதுக்கு முடிஞ்சே என்று கேட்டார். தெரியாமல் முடிஞ்சிட்டேன், அவுக்கப் பயமாயிருந்துச்சு என்றார் இவர்.

நான் நாலாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். தேதி வாசிக்கத் தெரியும். ஒரு டிக்கெட்டை எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்தேன். கண்ணாடி போட்டு நான் முதன்முதலில் வாசித்த எழுத்து அதுதான். போகிற நாள் என்று குத்தின இடத்தில் மே இருபத்தொன்று. முதலில் சொன்ன ஐந்தாம் தேதியே ஆபரேஷன் நடந்திருந்தால், நாற்பது நாள் முடிந்து வருகிற கடைசி ஞாயிறு. ஆபரேஷன் தள்ளிப்போனதும் அது தவறிவிடுமே என்றுதான் வழியெல்லாம் விரலை எண்ணியிருக்கிறார். டிக்கெட்டைத் திருப்பினேன். வாங்கின நாள், மார்ச் பதின்மூன்று.

மார்ச் பதினொன்று சனிக்கிழமை நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெரும்பாலும் தெரியும் என்று டாக்டர் சொன்னது அன்றைக்குத்தான். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை மில் திறந்ததும் முதல் வேலையாகப் போய், மூன்று டிக்கெட், ஆபரேஷனுக்கு அப்புறம் வருகிற தேதிக்கு. நான் டைம் ஆபீஸில் போய் நின்றதற்கும், துப்பில்லாத மனுஷன் என்று ஏசினதற்கும் எவ்வளவோ முன்னால். பஞ்சாபகேசன் ஏன் என் பக்கம் திரும்பவில்லை என்று இப்போது தெரிந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் அய்யனாரைப் பார்க்காமல், என்னைப் பார்க்காமல், குதிரையின் குளம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீ மொதல்லயே போகணும்னு சொன்னியா. அப்பப் போனா, இதான் உனக்குக் கடைசின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்ல. எனக்கு அதுக்கு மனசு வரல, சோணை."

அழக்கூடாத நாற்பது நாளும் முடிந்திருந்ததால் நன்றாக அழுதேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

முடிந்து வைத்தது எல்லாம் சாமிக்குத்தான் சேரும் என்றார் பூசாரி. காசை இவர் போட்டார். டிக்கெட்டை நான் தங்கப்பொண்ணு கையில் கொடுத்துப் போடச் சொன்னேன். ஒவ்வொன்றாகப் போட்டாள். மூன்றாவதைப் போடாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அடியும் வாங்கி, ராட்டினமும் ஏறாமல் போனது அவள்தானே. அதையும் போட்டுவிட்டு, அடுத்த வருஷம் கட்டாயம் போகணும் என்று இவர் கையைப் பிடித்து உலுக்கினாள்.

மூன்று பேரும் ஆற்றோரமாக நடந்து வீட்டுக்கு வந்தோம். எங்கள் தென்னந்தோப்பும், அதற்குப் பின்னால் எங்கள் வீட்டு ஓடும் தூரத்திலிருந்தே தெரிந்தன. நான் கையை நீட்டிப் பிள்ளைக்குக் காட்டினேன். இவர் இரண்டு அடி பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"அடுத்த வருஷத்துக்கு டிக்கெட்ட எப்ப வாங்கலாம்?" என்று கேட்டார்.

"என்னைக்கு வேணும்னாலும் வாங்குங்க" என்றேன். "முடிஞ்சு மட்டும் வைக்காதீக."